வண்ண மீன் தொட்டியும் தண்ணீர் மாற்றும் குழாயும்
(வானொலியில் பேசிய பேச்சு)



உறுவையாறு பக்கம் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர், "சார், மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்திலே ரெண்டு சிமெண்ட் தொட்டி கட்டி வண்ண மீன் விடலாமா?" என்று கேட்கிறார்கள். தாராளமாக விடலாம். சென்னை கொளத்தூரில் வீட்டுக் கொல்லையிலும் மாடியிலும் தொட்டி கட்டி வண்ண மீன் வளர்த்தே பிழைக்கிற குடும்பங்கள் எத்தனையோ உண்டு. கப்பி, மோலி, பிளாட்டி போன்ற குட்டி போடும் மீன்கள் கொஞ்சம் கடினமான தண்ணீரையும் தாங்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஏற்றவை. ஆனால் ஒன்று. மீன் வளர்ப்பதென்றால் முதலில் தண்ணீரை வளர்க்கத் தெரியணும்.

மாட்டுக்கொட்டகையைத் தினமும் கழுவுகிறோம். மீன் பாவம், தன் கழிவிலேயே நீந்துகிறது. அந்தக் கழிவிலிருந்தும் மிச்சம் விழுந்த தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. தொட்டியில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை என்றாலும் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். மொத்தத் தண்ணீரையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள். தண்ணீரின் குணமும் சூடும் திடீரென்று மாறினால் மீன் துவண்டுவிடும்.

இதற்குக் கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருப்பது போன்ற கண்ணாடி டியூப் போதும். அரை அங்குலக் குழாய், 10 அடி நீளம். ஒரு நுனி தொட்டிக்குள், மறு நுனி தொட்டி நீர்மட்டத்துக்குக் கீழே. குழாய் நிறையத் தண்ணீர் இருந்தால் தானாகவே மேடேறி, இறங்கி ஓடும். வெளி நுனி எவ்வளவு தாழ்வோ, அவ்வளவு வேகம்.

வாயால் உறிஞ்சி இழுப்பது நம்மவர்களுக்குப் பழக்கம். அது வேண்டாம். மீன் கழிவு வாய்க்குள் போகும். குழாய் முழுவதையும் தொட்டிக்குள் அமிழ்த்திக் காற்றுக் குமிழி போகவிட்டு, ஒரு நுனியை விரலால் மூடி வெளியே எடுத்துத் தாழ்த்தி, விரலை விடுங்கள். அவ்வளவுதான். கையில் புண் இருந்தால் தொட்டியில் கையை விடாதீர்கள்; மீன் தொட்டி நீரிலிருந்து தோலில் ஆறாத கட்டி உண்டாக்கும் கிருமி ஒன்று உண்டு.

கணக்கு பார்ப்போமா? 6 அடி நீளம், 3 அடி அகலம், ஒன்றரை அடித் தண்ணீர் என்றால் 27 கன அடி. ஒரு கன அடிக்கு ஏறக்குறைய 28 லிட்டர். ஆக 750 லிட்டருக்கு மேல். கால் பங்கு, 190 லிட்டர். 15 லிட்டர் வாளியில் பிடித்தால் 12, 13 வாளி. முதலில் குழாய் நுனியை அடிமண்ணுக்கு மேலாக மெதுவாக நகர்த்தி அழுக்கை இழுங்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்று சொல்கிறேன். குழாயைத் தொட்டியில் விட்டுவிட்டுக் கூப்பிட்ட குரலுக்குப் போனேன். திரும்பி வந்தால் தொட்டி வற்றிக் கிடக்குது! குட்டி மீன்கள் சாக்கடையிலே. அன்றுமுதல் இரண்டு காரியம் செய்கிறேன். உள் நுனியில் கொசுவலைத் துணி கட்டுகிறேன். அழுக்கை இழுத்ததும், எந்த அளவுக்குத் தண்ணீர் நிற்கணுமோ அந்த உயரத்தில் நுனியைக் கட்டிவிடுகிறேன். மட்டம் அதற்குக் கீழே இறங்கினால் காற்று புகுந்து குழாய் தானே நின்றுவிடும்.

புதுத் தண்ணீர் விடும்போது இன்னொரு எச்சரிக்கை. மோட்டார் குழாயின் நுனியைத் தொட்டிக்குள் அமிழ்த்தி வைக்காதீர்கள். கரண்டு போய் மோட்டார் நின்றால், இதே தத்துவப்படி தொட்டித் தண்ணீர் பின்னோக்கி ஓடி நீங்கள் குடிக்கும் தண்ணீரில் கலந்துவிடலாம். நுனி நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலேயே இருக்கட்டும். ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் பிராணவாயு குறைவு. குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரோ மீனுக்கு ஆகாது. எதுவானாலும் வேறு தொட்டியில் ஒரு நாள் நிற்க வைத்துக் கலக்கிவிட்டு ஊற்றுங்கள்.

மருந்து தெளிக்கும் ஸ்பிரேயரில் மாட்டிய குழாயை, எத்தனை முறை கழுவினாலும், மீன் தொட்டிப் பக்கம் கொண்டுவராதீர்கள். சைபர்மெத்ரின் போன்ற பூச்சிமருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொன்றுவிடும். மீனுக்கென்று தனிக் குழாய் வையுங்கள். சிவப்புத் துணி கட்டி அடையாளம் செய்யுங்கள்.

இனி சுத்தம். வேலை முடிந்ததும் இரு நுனியும் கீழே தொங்கும்படி ஆணியில் மாட்டி, முழுவதும் வடியவிடுங்கள். ஈரம் தங்கினால் பாசி பிடித்து வழவழப்பாகும். இரு வாரத்துக்கு ஒரு முறை, ஒரு நட்டில் நூலைக் கட்டிக் குழாய்க்குள் இறக்கி, நூலோடு துணி முடிச்சைக் கட்டி இழுங்கள், உள்ளழுக்கு வந்துவிடும். சோப்பு போடாதீர்கள்.

ஒரு தொட்டியில் மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால், அந்தக் குழாயை அடுத்த தொட்டியில் வைக்கக்கூடாது. நோயைச் சுமந்து போவது நம் ஈரக் குழாயும் வலையும் கையும்தான். 10 லிட்டர் தண்ணீரில் 2 தேக்கரண்டி பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்த நீரைக் குழாய் நிறைய நிரப்பி ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் நாலைந்து முறை அலசி, வாடை போகும்வரை இரண்டு நாள் நன்றாகக் காயவிடுங்கள். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைச் சேர்த்துவிடாதீர்கள்; நச்சுப் புகை கிளம்பும்.

எடுத்த தண்ணீர் வீணில்லை. வாழைக்கும் கீரைப் பாத்திக்கும் நல்ல உரம். உப்போ மருந்தோ போட்ட தண்ணீர் மட்டும் பயிருக்கு வேண்டாம். மீனை மட்டும் ஊசுட்டேரியிலோ பாகூர் ஏரியிலோ வாய்க்காலிலோ விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டு மீன் பெருகினால் நம் நாட்டு மீனுக்கு இடமிருக்காது.

சந்தேகம் இருந்தால் குரும்பாப்பேட்டையில் உள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். தீனி ஒரு நாள் தவறினாலும் மீன் பொறுத்துக்கொள்ளும். தண்ணீர் கெட்டால் பொறுக்காது. குழாயை ஒழுங்காக வைத்திருங்கள், தொட்டி உங்களைக் காப்பாற்றும்.