குல்மார்க் சரிவில் ஒரு பி.டி. டீச்சர்

ஸ்கீ பூட்ஸ் நடப்பதற்காகச் செய்த பொருளே இல்லை. வெளியே கெட்டிப் பிளாஸ்டிக் ஓடு, உள்ளே மெத்தை வைத்த உறை, முன்பக்கம் இழுத்து மாட்ட வரிசையாக உலோகக் கொக்கிகள். மாட்டி முடித்தால் கணுக்கால் பக்கவாட்டில் இம்மியும் அசையாது. முழங்கால் லேசாக மடங்கியே இருக்கும். நிமிர்ந்து நிற்கப் பார்த்தால் பின்னால் சாய்வோம். வாடகைக் கடையிலிருந்து சரிவு வரை அதைப் போட்டுக்கொண்டு, தோளில் ஸ்கீ என்னும் சறுக்குப் பலகைகள் இரண்டையும் சுமந்து, டக் டக்கென்று பனியில் நடக்கிற கொஞ்ச தூரத்திலேயே ‘நமக்கு எதற்கு இந்த வேலை’ என்று தோன்றிவிடும். எனக்குத் தோன்றியது. என்னோடு பாடம் படிக்க வந்த புனே கல்லூரிப் பையன்கள் இரண்டு பேருக்கும் தோன்றியிருக்கும். அவர்கள் காட்டிக்கொள்ளவில்லை.

நான் சேலத்துக்காரி, ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை. விசில், சுண்ணாம்புக் கோடு, கபடி, கோ-கோ என்றே பணிக்காலம் ஓடிவிட்டது. ஓய்வூதியப் பணம் கைக்கு வந்ததும் வளையல் வாங்கிக்கொள்ளச் சொன்னாள் மகள். நான் ஸ்ரீநகருக்கு டிக்கெட் எடுத்தேன். தெருவில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: “கால் உடைஞ்சா யார் டீச்சர் பார்ப்பா?” நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கால் உடையாமல் இருக்கவே இந்த விளையாட்டில் எத்தனை ஏற்பாடு இருக்கிறது என்பது அங்கே போய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தே பிழைத்தவள் என்பதால், சறுக்குவதைவிட அதை எப்படிச் சொல்லித் தருகிறார்கள் என்பதில்தான் என் கண் போனது.

குல்மார்க் ஸ்ரீநகரிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர். தங்மார்க் வரை சாதாரண வண்டி போகும். அதற்கு மேல் 13 கிலோமீட்டர் மலைப்பாதை. பனி கொட்டியிருந்தால் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிதான் ஏறும். நாலு பக்கமும் மலை சூழ்ந்த அந்தப் புல்வெளியே 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். அதாவது, நீலகிரியின் தலைக்கு மேலே நின்றுகொண்டுதான் அங்கே முதல் பாடமே ஆரம்பிக்கிறது. முதல் நாள் மூச்சு வாங்கும்; அதற்காகப் பதற வேண்டாம், தண்ணீரை நிறையக் குடித்து மெதுவாக நடந்தால் போதும்.

கோடையில் கோல்ஃப் ஆடும் மைதானம், பனி மூடியதும் புதியவர்களின் வகுப்பறையாகிவிடும். வெள்ளைக்காரர்கள் 1927ல் இங்கே ஸ்கீ கிளப் ஆஃப் இந்தியாவைத் தொடங்கினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு ராணுவம் தன் மலைப்போர்ப் பள்ளியை இங்கே அமைத்தது. மத்திய சுற்றுலாத் துறையின் பனிச்சறுக்கு, மலையேற்ற நிறுவனமும் இங்கேதான், 1968ல் தொடங்கியது. அங்கே பருவத்தில் குழுவாகச் சேர்த்துப் பாடம் எடுக்கிறார்கள். தனியாக, பதிவு பெற்ற பயிற்றுநரை அமர்த்தியும் கற்றுக்கொள்ளலாம். நான் இரண்டாவது வழியில் போனேன். என் முட்டிக்கு ஏற்ற வேகத்தில் சொல்லித்தர ஆள் வேண்டுமே.

முதலில் வாடகைக் கடை. இங்கே ஒரு விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் அதைக் கவனிப்பதே இல்லை. பூட்ஸையும் ஸ்கீயையும் பிணைக்கும் பகுதிக்கு பைண்டிங் என்று பெயர். முன்னால் விரல் பக்கம் ஒரு பிடி, பின்னால் குதிகால் பக்கம் ஒரு பிடி. விழும்போது கால் ஒரு பக்கம், நீளமான ஸ்கீ ஒரு பக்கம் என்று முறுக்கினால், உடைவது எலும்பாகவோ கிழிவது முட்டியின் தசைநாராகவோ இருக்கும். அப்படி ஆகாமல், குறிப்பிட்ட விசைக்கு மேல் போனதும் பிடி தானே விட்டுவிடும், பூட்ஸ் கழன்றுகொள்ளும். அந்த விசை எவ்வளவு என்பதை ஒரு திருகாணியால் வைக்கிறார்கள். எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், ஆடுபவர் புதியவரா பழகியவரா என்பதையெல்லாம் அட்டவணையில் பார்த்து வைக்க வேண்டும். ஐம்பது வயதைத் தொட்டவர்களுக்கு அட்டவணையில் ஒரு படி இறக்கி, சீக்கிரம் கழலும்படி வைப்பது முறை. எடையையும் வயதையும் குறைத்துச் சொல்லும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. அந்தக் கடையில் மட்டும் வேண்டாம். கடைக்காரர் எதுவும் கேட்காமல் ஸ்கீயை நீட்டினால், நீங்களாகவே கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.

பூட்ஸ் இறுக்கமாக இருக்க வேண்டும். ஒரே ஒரு சாக்ஸ்தான் போட வேண்டும். குளிருக்குப் பயந்து இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டு இன்னும் விறைக்கும். ஸ்கீ மூக்கு வரைக்கும் வந்தால் போதும். 1990கள் வரை ஆளைவிட நெட்டையான, நேர்க்கோடாக இருக்கும் ஸ்கீக்களைத்தான் புதியவர் தலையிலும் கட்டினார்கள். ஸ்லோவேனியாவின் எலான் கம்பெனி போன்றவை இடுப்பு ஒடுங்கிய குட்டை ஸ்கீக்களைக் கொண்டுவந்த பிறகுதான் திரும்புவது சுலபமாயிற்று. அறுபது வயதில் நான் கற்றுக்கொள்ள முடிந்ததில் அந்த வளைவுக்குப் பெரிய பங்கு உண்டு.

எங்கள் பயிற்றுநர் தங்மார்க்காரர். குளிர் முடிந்தால் ஆப்பிள் தோட்டம், குளிர் வந்தால் ஸ்கீ. அவருக்கு உருது, காஷ்மீரி, கொஞ்சம் ஆங்கிலம். எனக்குத் தமிழ், கொஞ்சம் ஆங்கிலம், ரயில்வே ஸ்டேஷன் இந்தி. வந்ததும் எங்கள் கையிலிருந்த கோல்களைப் பிடுங்கி ஒரு ஓரமாகப் பனியில் நட்டுவிட்டார். “இது இப்போ வேண்டாம் மேடம்ஜி, கையில் இருந்தால் அதையே பிடித்துத் தொங்குவீர்கள்.” பிறகு ஒரு காலில் மட்டும் ஸ்கீ மாட்டி, சமதரையில் மறு காலால் உந்திப் போகச் சொன்னார். அது முடிந்து இரண்டு காலிலும். அதன் பிறகு சரிவுக்குக் குறுக்கே நின்று, மேல்பக்க விளிம்பைப் பனியில் அழுத்திப் பக்கவாட்டில் படி ஏறுவது. ஸ்கீயின் இரு ஓரத்திலும் எஃகு விளிம்பு உண்டு. அது பனியைக் கடித்தால் நிற்போம், கடிக்காவிட்டால் போவோம். மொத்த விளையாட்டும் அந்த விளிம்பில்தான் இருக்கிறது.

அடுத்தது விழும் பாடம். வேண்டுமென்றே விழச் சொன்னார், பக்கவாட்டில், தொடை தரையில் படும்படி. நேர் பின்னால் உட்காரக் கூடாது. ஸ்கீ உங்களைத் தூக்கிக்கொண்டு வேகமாக ஓடும். விழுந்த பிறகு ஸ்கீ இரண்டையும் உடம்புக்குக் கீழ்ப்பக்கம் கொண்டுவந்து, சரிவுக்குக் குறுக்கே வைத்துவிட்டுத்தான் எழ வேண்டும். சரிவு பார்த்த மாதிரி வைத்துக்கொண்டு எழுந்தால் எழும்போதே பயணம் ஆரம்பமாகிவிடும். இதையெல்லாம் வேகம் என்ற பேச்சே எடுக்காமல் சொல்லிக்கொடுத்தார். நீளம் தாண்டுதலில் மணல்குழியைத் தயார் செய்யாமல் ஓட விட்ட சில சக ஆசிரியர்களை நினைத்துக்கொண்டேன்.

பிறகு ‘வி’. ஸ்கீயின் முன்நுனிகள் நெருங்கி, பின்முனைகள் விரிந்து, உள்விளிம்புகள் பனியில் அழுந்த வேண்டும். விரித்தால் வேகம் குறையும், இன்னும் விரித்தால் நிற்கும். இதுதான் பிரேக். கேட்க எளிது. சரிவில் நின்றதும் உடம்பு ஒரு வேலை செய்யும்: பள்ளத்தைப் பார்த்து மிரண்டு, மலைப் பக்கமாகப் பின்னால் சாயும். யாரும் சொல்லித்தர வேண்டாம், தானாக நடக்கும். அங்கேதான் சிக்கல். எடை பின்னால் போனால் ஸ்கீயின் முன்பகுதி லேசாகி, விளிம்பு கடிக்காது. பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை; எதற்குப் பயந்தோமோ அந்த வேகம் மட்டும் கூடும். எடை முன்னால் வர வேண்டும், கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பு பூட்ஸின் நாக்கில் அழுந்த வேண்டும்.

பாடி வரப்போகும் கபடிக்காரன் கோட்டருகே நிற்பானே, முட்டி மடங்கி, எடை முன்பாதத்தில், கை இரண்டும் முன்னே விரிந்து, அந்த நிலைதான் இது. எத்தனையோ பிள்ளைகளை அப்படி நிற்க வைத்தவள் நான். அறிவுக்குப் புரிந்தது, உடம்பு கேட்கவில்லை. பயிற்றுநர் “பயப்படாதீர்கள்” என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் பயம்தான் ஞாபகம் வரும் என்பது நல்ல வாத்தியாருக்குத் தெரியும். எனக்கு முன்னால், என்னைப் பார்த்தபடி, முதுகுப் பக்கமாகவே சரிவில் இறங்கிக்கொண்டு, “என் தொப்பியைப் பாருங்கள், ஸ்கீயைப் பார்க்காதீர்கள்” என்றார். காலையே பார்த்துக்கொண்டிருந்தால் இடுப்பு பின்னால் போகும். தலை நிமிர்ந்தால் இடுப்பு முன்னால் வரும். சிவப்புக் கம்பளித் தொப்பி அது. அதையே பார்த்துக்கொண்டு ஊர்ந்து வந்தேன். அவர் நின்றதும் நானும் நின்றேன்.

திரும்புவதற்கு அவர் சொன்ன வழி இன்னும் அழகு. இரண்டு கையையும் இரண்டு முட்டியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். “இப்போது வலது முட்டியை அழுத்துங்கள்.” அழுத்தினேன், இடது பக்கம் திரும்பினேன். காரணம் பின்னால்தான் விளங்கிற்று: ‘வி’ வடிவில் நிற்கும்போது வலது ஸ்கீயின் மூக்கு ஏற்கெனவே இடது பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. எடையை அதன்மேல் போட்டால் அது பார்க்கிற பக்கம் நம்மைக் கொண்டுபோகும். சைக்கிள் ஓட்டிப் பழகியவர்கள் திரும்பும் பக்கமாகச் சாய்வார்கள். இங்கே அது செல்லாது. விளக்கம் எதுவும் கொடுக்காமல் முதலில் செய்ய வைத்தாரே, அதற்காகவே அவருக்குச் சம்பளத்தைக் கூட்டிக்கொடுக்கலாம்.

இந்த வரிசை ஒன்றும் அவர் கண்டுபிடித்ததல்ல. ஆஸ்திரியாவின் ஆர்ல்பெர்க் பகுதியில், சாங்க்ட் அன்டோன் ஊரில், 1907ல் பயிற்றுநராகச் சேர்ந்த ஹான்னஸ் ஷ்னைடர்தான் ‘வி’யில் தொடங்கி, படிப்படியாக ஸ்கீக்களை இணைகோடாக்கும் பாடமுறையை வகுத்து, திறமைக்கு ஏற்றபடி ஆட்களை வகுப்பு பிரித்தவர். நாஜிகள் 1938ல் அவரைச் சிறையில் அடைத்தார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்கா போய் அங்கும் பள்ளி நடத்தினார். வகுப்பு பிரித்துச் சொல்லிக்கொடுத்தவர் என்பதாலேயே எனக்கு அவர் நம்ம ஜாதி.

புனேப் பையன்களுக்குப் பயம் என்பதே இல்லை, அதனால் பிரேக்கும் இல்லை. ஒருவன் நேராக விட்டு, கீழே நின்றிருந்த உள்ளூர்ச் சிறுமிக்கு ஓரடி பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பயிற்றுநர் அப்போதுதான் குரலை உயர்த்தினார். முன்னால் போகிறவருக்குத்தான் வழி. பின்னால் வருகிறவன்தான் ஒதுங்க வேண்டும். சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 1967ல் வகுத்த நடத்தை விதிகளில் இது முக்கியமானது. அந்தச் சிறுமி எங்கள் மூவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கோல் இல்லாமலே வளைந்து வளைந்து போய்விட்டாள். அங்கே பிள்ளைகள் அப்படித்தான். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸில் இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர் ஆரிஃப் கான், இதே சரிவுகளில் வளர்ந்தவர். ராட்சத ஸ்லாலம் என்ற சறுக்குப் பந்தயத்தில் 45வது இடம். குளிர்கால ஒலிம்பிக்ஸில் இந்தியாவுக்காக முதலில் இறங்கியவர் ஜெரமி புஜகோவ்ஸ்கி, 1964ல்.

கொஞ்சம் பழகியதும் இழுவை லிஃப்ட். இடுப்புக்குப் பின்னால் வரும் பிடி நம்மைத் தள்ளிக்கொண்டு மேலே போகும். நாற்காலி என்று நினைத்து அதில் உட்கார்ந்தால் தரைக்கு வந்துவிடுவோம். நின்றபடியே இழுபட வேண்டும். பக்கத்தில் சறுக்குவண்டி இழுப்பவர்கள் “மேடம், நாங்கள் இழுக்கிறோம்” என்று விடாமல் கூப்பிடுவார்கள். அவர்களுக்கும் பிழைப்பு அதுதான்.

வெயிலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சேலத்து மே மாத வெயிலில் நின்ற தோலுக்கு இதென்ன என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய பத்து சதவீதம் கூடும். புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். மூக்கின் அடிப்பக்கமும் தாடையின் கீழும்கூடக் கருகும். நல்ல கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் கம்பளிக் குல்லாவைவிட முக்கியம். ஜீன்ஸும் பருத்தித் துணியும் வேண்டாம்; நனைந்தால் காயவே காயாது.

எப்போது போவது? டிசம்பர் 21லிருந்து நாற்பது நாளை சில்லாய் கலான் என்பார்கள், கடுங்குளிர்க் காலம். பனி நிற்பது பிப்ரவரியில்தான் என்று நம்பலாம் என்றால் அதுவும் இப்போது உறுதியில்லை. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் காற்றுக் கலக்கங்கள்தான் காஷ்மீருக்குப் பனியைக் கொண்டுவருகின்றன. அவை தவறினால் பனியும் தவறும். 2024 ஜனவரியில் குல்மார்க் வெறும் காய்ந்த புல்லாகக் கிடந்தது. 2025ல் பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டின் இரண்டாம் பகுதியை மார்ச்சுக்குத் தள்ளினார்கள். டிக்கெட் எடுக்கும் முன் ஊரில் யாரையாவது கேட்டுவிட்டு எடுங்கள்.

குல்மார்க் கேபிள் கார் அபர்வாட் மலையில் ஏறக்குறைய 3,950 மீட்டர் வரை ஏறுகிறது. கீழ்க்கட்டம் 1998ல், மேல்கட்டம் 2005ல் வந்தது. மேலே இறங்கினால் எல்லையில்லாத திறந்த சரிவு. உலகம் முழுவதிலிருந்தும் தேர்ந்தவர்கள் அதற்காகவே வருகிறார்கள். 2023 பிப்ரவரியில் அங்கே பனிச்சரிவில் சிக்கி இரண்டு போலந்து நாட்டவர்கள் இறந்தார்கள். புதியவர்கள் ஸ்கீயோடு அங்கே ஏறக் கூடாது; ஏற்றிவிடுகிறேன் என்று யார் சொன்னாலும் சரி. நான் ஊர் திரும்பும் முன் ஸ்கீ இல்லாமல், வேடிக்கை பார்க்கிற சுற்றுலாக்காரியாக மேலே போய், அதே பெட்டியில் இறங்கி வந்தேன். “அடுத்த வருஷம் கொங்டோரியிலிருந்து இறங்கலாம் மேடம்ஜி, தொடைக்கு மட்டும் பலம் ஏற்றிக்கொண்டு வாருங்கள்” என்றார் பயிற்றுநர். கேபிள் காரின் முதல் கட்டம் முடியும் இடம் கொங்டோரி. சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே உட்கார்ந்த நிலையில் தாக்குப்பிடிப்பது அதற்கு நல்ல பயிற்சி. தினம் காலையில் நான் அதைச் செய்கிறேன், கூடவே தோப்புக்கரணமும். பக்கத்து வீட்டம்மா ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.