பாட்டரியும் பிராணவாயுவும்

2022-ஆம் வருஷம் மார்ச் மாதம் வேலூரில், இரவில் வீட்டிலேயே மின்சாரம் ஏற்றிக்கொண்டிருந்த ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் சிக்கித் தந்தையும் மகளும் மாண்டனர். அவ்வருஷத்தில் தேசத்தின் வேறு பல ஊர்களிலும் மின்சார ஸ்கூட்டர்கள் எரிந்தன. சர்க்கார் நிபுணர் கமிட்டி ஒன்றை நியமித்துப் பரீட்சை விதிகளைக் கடுமையாக்கினர். வேண்டியதுதான். ஆனால் வாங்குவோரில் பலர் இன்றும் கேட்பது, ஒரு தடவை ஏற்றினால் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதே. பாட்டரிக்குள் இருக்கும் சரக்கு யாது என்று கேட்போர் சிலரே.

அக்கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. லிதியம் பாட்டரிக்குள் உள்ள திரவம் எளிதில் எரியக்கூடியது. எரிவதற்குப் பிராணவாயு வேண்டும். மூடிய கூட்டுக்குள் அது எங்கிருந்து வரும்? தனத் துருவமே அதைத் தந்துவிடுகிறது! 1980-ல் ஆக்ஸ்போர்டில் குட்இனஃப் என்னும் அறிஞர் வெளியிட்ட கோபால்ட் ஆக்சைடுதான், 1991-ல் கடைக்கு வந்த முதல் லிதியம் அயான் பாட்டரியின் தனத் துருவம். மின்சாரம் ஏற ஏற லிதியம் அதைவிட்டு நீங்குகிறது. எஞ்சிய கட்டுக்கோப்பு உறுதி குன்றுகிறது. உஷ்ணம் சுமார் 200 டிகிரி சென்டிகிரேடை எட்டினால் அது சிதைந்து பிராணவாயுவை வெளியே விடுகிறது. அச்சிதைவே மேலும் உஷ்ணத்தை உண்டாக்குகிறது. நிக்கல் சேர்ந்த ஆக்சைடுகளும் இக்குறைக்கு விலக்கல்ல.

பிராணவாயுவைப் பிடி தளராமல் வைத்திருக்கும் பொருள் உண்டா? 1980-களின் பிற்பகுதியில் குட்இனஃபும், அவருடன் உழைத்த ஆறுமுகம் மந்திரமும் இரும்பு சல்பேட் முதலியவற்றை ஆராய்ந்து அதற்கு வழி திறந்தனர். மந்திரம் தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் பயின்றவர். 2019-ல் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, அவர் சார்பில் பரிசுப் பிரசங்கம் செய்தவரும் இவரே. பின்னர் 1997-ல் டெக்ஸாஸ் சர்வகலாசாலையில் பாதி, நஞ்சுண்டசாமி என்னும் நம்மவர் இருவர் குட்இனஃபுடன் சேர்ந்து லிதியம் இரும்பு பாஸ்பேட்டை வெளியிட்டனர். இதில் பிராணவாயு பாஸ்பரஸுடன் இறுகப் பிணைந்திருப்பதால், கோபால்ட் ஆக்சைடு சிதையும் உஷ்ணத்திலும் இது எளிதில் சிதைவதில்லை.

குறைகளும் உண்டு. இதன் அழுத்தம் சுமார் 3.4 வோல்ட்டே, ஆகவே அதே எடைக்கு ஓடும் தூரம் குறையும். மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. பொடியை மிக நுண்ணியதாக்கிக் கரிப்பூச்சு ஏற்றிய பின்னரே உபயோகத்துக்கு வந்தது. தீயே பற்றாது என்று வியாபாரி சொன்னால் நம்ப வேண்டாம்; எரியும் திரவம் இதிலும் இருக்கிறது. ஆயினும் வீட்டு நடையில், குழந்தைகள் உறங்கும் அறைக்கருகில் நிற்கும் வண்டிக்குப் பத்து கிலோமீட்டர் குறைந்தால் என்ன நஷ்டம்?

இரும்பும் பாஸ்பரஸும் கோபால்ட்டைப்போல் அரிய சரக்குகள் அல்ல. கண்டுபிடிப்பில் நம்மவர் கையும் இருந்தது. அப்படியிருந்தும் இன்று இப்பொருளை உலகுக்குச் செய்து கொடுப்பது பெரும்பாலும் சீனாவே. அந்நாடு 2025 ஜூலையில் இதன் செய்முறை பிற தேசங்களுக்குச் செல்வதற்கும் கட்டுப்பாடு விதித்துவிட்டது. இனி இரவல் வாங்கிச் செய்யலாம் என்று நாம் காத்திருப்பதில் பயனில்லை. காரைக்குடியில் மத்திய மின்ரசாயன ஆராய்ச்சிசாலை 1953 முதல் நடந்து வருகிறது. அங்கே கிராம் கணக்கில் கற்றதை டன் கணக்கில் செய்வதற்கு முதலீடும், செய்ததை வாங்குவதாக நம் வண்டி முதலாளிகளின் எழுத்து மூலமான உறுதியும் வேண்டும். சர்க்கார் தரும் உதவித் தொகையில் ஒரு பங்கை இந்நிபந்தனையுடன் பிணைக்குமாறு நாம் கோருகிறோம்.