ஊதியம் மறுத்த வீரர்

அமெரிக்க நாட்டின் வடபுற மாநிலங்களுக்கும் தென்புற மாநிலங்களுக்கும் இடையே 1861ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறையே அப்போருக்கு மூலகாரணம். 1863ஆம் ஆண்டில் வடபுறத்து மாசசூசெட்ஸ் மாநிலம் கறுப்பின மக்களைக் கொண்டு 54ஆம் காலாட்படையைத் திரட்டியது. தாமே விரும்பி அதில் சேர்ந்தவருள் அறிஞர் பிரெடரிக் டக்ளசின் மைந்தர் இருவரும் இருந்தனர்.

அவ்வாண்டு ஜூலை 18ஆம் நாள் மாலை, தென்கரோலினாக் கடற்கரையிலிருந்த வாக்னர் கோட்டையை இப்படை தாக்கியது. சென்றவர் ஏறத்தாழ 600 பேர். மாண்டும் காயமுற்றும் சிறைப்பட்டும் போனவர் 250 பேருக்கு மேற்பட்டோர். இருபத்தைந்தே வயதான வெள்ளைத் தளபதி இராபர்ட் ஷா கோட்டை மதிலின்மீது வீழ்ந்தார். கொடி தாங்கியவன் சாய்ந்ததும், அடிமையாய்ப் பிறந்த வில்லியம் கார்னி அக்கொடியை ஏந்தினார். உடலெங்கும் காயம் பட்டும் அதனை மண்ணில் விழவிடாது மீட்டுவந்தார். அதற்குரிய வீரப்பதக்கம் அவருக்குக் கிட்டியதோ 1900ஆம் ஆண்டில்!

இத்தகையோர்க்கு அரசு அளிக்க முன்வந்த ஊதியம் யாது? வெள்ளை வீரர் திங்கள்தோறும் 13 டாலர் பெற்றனர். அதே தொகை இவர்க்கும் உண்டென வாக்களிக்கப்பட்டிருந்தும், 10 டாலரே தர முன்வந்தனர். அதிலும் உடைக்கென 3 டாலர் பிடித்தம். வீரர்கள் அப்பணத்தைத் தொடவும் மறுத்தனர். குறையும் தொகையைத் தானே ஈடு செய்வதாக மாசசூசெட்ஸ் அரசு கூறியபோதும் அவர்கள் இசையவில்லை. ஊரில் மனைவி மக்கள் வறுமையால் வாடினர். 1864ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அமெரிக்கப் பாராளுமன்றம் சம ஊதியச் சட்டத்தை நிறைவேற்றியது. ஓராண்டுக்கும் மேலாக ஊதியமின்றிப் போரிட்ட வீரர்கள், அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் தமக்குரிய தொகையைக் குறைவின்றிப் பெற்றனர்.