தடைதாண்டும் குதிரைக்கு யார் பொறுப்பு?

2011 ஏப்ரலில், லிவர்பூலை ஒட்டியுள்ள எய்ன்ட்ரீ திடலில் கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயம் நடந்தது. இரண்டாவது சுற்றில் இரண்டு தடைகளை எந்தக் குதிரையும் தாண்டவில்லை. ஓடிவந்த குதிரைகள் ஓரமாகத் திருப்பிவிடப்பட்டன. முதல் சுற்றில் விழுந்து இறந்த ஆர்னே, டூனீஸ் கேட் என்ற இரண்டு குதிரைகளின் உடல்கள் அந்தத் தடைகளை ஒட்டிக் கிடந்ததுதான் காரணம். மேலிருந்து எடுத்த தொலைக்காட்சிப் படத்தில் அந்தக் காட்சி நாடு முழுக்கத் தெரிந்தது. வென்ற பாலாபிரிக்ஸ் முடிவுக்கோட்டைத் தாண்டியதுமே தளர்ந்துவிட்டது. ஜாக்கி இறங்கிக்கொள்ள, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அதன் உடல்சூட்டைத் தணித்தார்கள். சாட்டையை அளவுக்கு மீறிப் பயன்படுத்தியதற்காக அந்த ஜாக்கிக்கு 5 நாள் தடை விதிக்கப்பட்டது. மறு ஆண்டும் அதே பந்தயத்தில் இரண்டு குதிரைகள் இறந்தன. ஓட்டம் என்றால் அடிபடுவதும் சாவதும் சகஜம் என்று சொல்லிக் கடந்துபோகிறவர்கள் உண்டு. அந்தச் சமாதானத்தை ஏற்க முடியாது. இந்த மரணங்களில் பல, மனிதர்கள் எடுத்த முடிவுகளின் விளைவு. முடிவை மாற்றினால் சாவு குறைகிறது என்பதற்கு எய்ன்ட்ரீயின் வரலாறே சான்று. குறைக்க முடிந்த சாவைக் குறைக்காமல் விட்டவர்கள் அதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். 1839 முதல் நடக்கும் கிராண்ட் நேஷனலில் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தூரத்தில் 30 தாண்டல்கள். முதுகில் ஜாக்கி, சேணம் எல்லாம் சேர்த்து 75 கிலோ வரை சுமை. பக்கத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட குதிரைகள் அதே வேகத்தில் பாய்ந்து வருகின்றன. ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ள உடல், தாண்டி இறங்கும் நொடியில் முன்னங்கால்களின் மேல் விழுகிறது. குதிரையின் முழங்காலுக்குக் கீழே தசை கிடையாது. எலும்பும் தசைநாணும் தோலும்தான். அங்கே எலும்பு நொறுங்கினால் மனிதருக்குப் போல மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வைக்க முடியாது. குதிரையால் வாரக்கணக்கில் படுத்துக் கிடக்க இயலாது. நின்றுகொண்டே இருந்தால் நல்ல கால்களின் மேல் பாரம் ஏறி, குளம்புக்குள் இருக்கும் திசு வீங்கிச் சிதைகிறது. அமெரிக்காவில் 2006இல் கென்டக்கி டெர்பியை வென்ற பார்பரோ, இரண்டே வாரத்தில் அடுத்த பந்தயத்தில் பின்னங்காலை முறித்துக்கொண்டது. சிறந்த அறுவை சிகிச்சை நடந்தது, பணத்துக்கும் குறைவில்லை. ஆனாலும் குளம்பு நோய் பற்றி, 2007 ஜனவரியில் அதைக் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. திடலில் பச்சைத் திரையை மறைப்பாகப் பிடித்து அங்கேயே குதிரையின் உயிரை முடிப்பதைப் பார்ப்பவர்கள் அதைக் கொடுமை என்கிறார்கள். அந்த நிலையில் மருத்துவருக்கு மனிதநேயமான வேறு வழி பெரும்பாலும் இருப்பதில்லை. குதிரையை அந்த நிலைக்குக் கொண்டுவந்த ஏற்பாடுகளைத்தான் நாம் கேள்வி கேட்க வேண்டும்.

2011, 2012 மரணங்களுக்குப் பிறகு என்ன செய்தார்கள்? தடைகளின் உள்ளே இருந்த மரக்கட்டைகளை எடுத்துவிட்டு, மோதினால் வளைந்துகொடுக்கும் செயற்கை நார்களை வைத்தார்கள். பீச்சர்ஸ் புரூக் என்ற பேர்போன தடையில் குதிரை இறங்கும் பக்கத்துப் பள்ளத்தைச் சில அங்குலம் மேடாக்கினார்கள். தொடக்கக் கோட்டைக் கூட்டத்தின் இரைச்சலிலிருந்து தள்ளிவைத்தார்கள். 2013 முதல் 2018 வரை அந்தப் பந்தயத்தில் ஒரு குதிரைகூட இறக்கவில்லை. அதோடு விஷயம் முடிந்துவிட்டது என்று பலர் நினைத்தார்கள். முடியவில்லை. 2019இல் ஒன்று, 2021இல் ஒன்று, 2022இல் இரண்டு, 2023இல் ஒன்று என மறுபடியும் இறந்தன. அந்த நான்கு பந்தயங்களில் ஓடியவை 159, இறந்தவை 5. தடை மென்மையாகிவிட்டால் ஜாக்கியும் குதிரையும் இன்னும் வேகமாகப் பாய்வார்கள் என்று தொழிலுக்குள்ளேயே எச்சரித்தவர்கள் இருந்தார்கள். அந்த எச்சரிக்கை நியாயமானது. தடையின் உயரத்தைப் போலவே வேகமும் நெரிசலும் தரையின் இறுக்கமும் கொல்லக்கூடியவை.

2024இல் அதைப் புரிந்துகொண்டு செயல்பட்டார்கள். 40 குதிரைகள் என்ற உச்சவரம்பு 34 ஆனது. முதல் தடையை எட்டுவதற்குள் குதிரைகள் முழு வேகம் பிடித்துவிடாதபடி அதைத் தொடக்கக் கோட்டுக்கு 60 கஜம் நெருக்கமாகக் கொண்டுவந்தார்கள். ஓடிவந்து புறப்படும் பழக்கத்தை நிறுத்தி, நின்ற இடத்திலிருந்து புறப்பட வைத்தார்கள். ஓடும் குதிரைகளுக்கான குறைந்தபட்சத் தகுதி அளவை உயர்த்தினார்கள். அந்த ஆண்டு ஓடிய 32 குதிரைகளில் ஒன்றுகூடத் தடையில் விழவில்லை. 21 குதிரைகள் ஓட்டத்தை முடித்தன. ஓர் ஆண்டின் முடிவை வைத்துப் பெரிய தீர்ப்பு எழுதக்கூடாது என்பது உண்மை. மறு ஆண்டே செலெப்ரே டாலன் என்ற 13 வயதுக் குதிரை ஓட்டத்தின் இறுதிக் கட்டத்தில் தளர்ந்து, திடலிலேயே சரிந்து, சில நாளில் இறந்தது. களைத்த குதிரையை நிறுத்தாமல் ஓட்டியதற்காக ஜாக்கிக்கு 10 நாள் தடை கிடைத்தது. அவ்வளவு வயதான குதிரையை அவ்வளவு தூரப் பந்தயத்தில் இறக்க அனுமதிக்கும் விதியைப் பற்றியும் அதே கண்டிப்புடன் கேட்டிருக்க வேண்டும்.

இன்னொரு மாற்றம் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. பிரிட்டனின் திடல்களில் தடையின் கட்டைகளுக்குப் பல காலமாக ஆரஞ்சு வண்ணம் பூசியிருந்தார்கள். மனிதக் கண்ணுக்கு அது பளிச்சென்று தெரியும். குதிரையின் கண்ணோ நீலத்தையும் மஞ்சளையும் பிரித்தறியும் அளவுக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாது. பச்சைப் புல்லின் நடுவே ஆரஞ்சு அதற்கு மங்கலாகவே தெரியும். எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்துக் காட்டிய பிறகுதான் கட்டைகள் வெள்ளையாயின. தாண்ட வேண்டியது குதிரை. ஆனால் அதற்கு எது தெரியும் என்று ஒரு தலைமுறைக்கு மேல் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. நலம் பேசுகிற தொழில் எவ்வளவு அடிப்படையான ஒன்றை விட்டுவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இப்போது சட்டத்துக்கு வருவோம். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமான 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், விலங்குக்குத் தேவையற்ற துன்பம் தருவதைக் குற்றமாக்குகிறது. 2021 முதல் அதற்கு 5 ஆண்டுவரை சிறை உண்டு. இந்தியாவின் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டமும் தேவையற்ற வலியையும் துன்பத்தையும் தடுப்பதையே நோக்கமாகச் சொல்கிறது. எது தேவையற்றது என்று முடிவு செய்ய ஆங்கிலேயச் சட்டம் சில அளவுகோல்களைத் தருகிறது. அந்தத் துன்பத்தை நியாயமான முறையில் தவிர்த்திருக்கவோ குறைத்திருக்கவோ முடியுமா என்பது அவற்றில் முதன்மையானது. செயலின் நோக்கம் நியாயமானதா, துன்பம் அந்த நோக்கத்துக்கு ஏற்ற அளவில்தான் இருந்ததா என்பவையும் உண்டு. பந்தயத்தில் விழுந்து இறக்கும் குதிரைகள் நடைமுறையில் இந்தச் சட்டத்தின் வாசலுக்கே வருவதில்லை. விபத்து என்று கோப்பு மூடப்படுகிறது. 34 குதிரைகளை ஓட்டினால் ஆபத்து குறைகிறது என்று அதிகாரிகளே ஒப்புக்கொண்ட பின், 40 ஓட்டிய ஆண்டுகளின் துன்பத்தைக் குறைத்திருக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இன்றுள்ள விதிகளுக்கும் அதே கேள்வி பொருந்தும்.

மறுப்புகள் வலுவில்லாதவை அல்ல. பிரிட்டனில் தடைதாண்டும் பந்தயத்தில் ஆயிரம் ஓட்டத்துக்கு ஏறத்தாழ நான்கு சாவுகளே, அதாவது அரை சதவீதத்துக்கும் குறைவு என்கிறார்கள். கணக்கு சரி. ஆனால் ஒரு குதிரை ஒரே ஒரு முறை ஓடிவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. 25 முறை ஓடினால் இதே விகிதம் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்கு வந்து நிற்கும். தடையில்லாத சமதளப் பந்தயத்தில் இறப்பு இதைவிட மிகக் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குதிரைக்கு ஓடப் பிடிக்கும், ஜாக்கி விழுந்த பிறகும் தானாகத் தாண்டிக்கொண்டு போகிறதே என்பது இன்னொரு வாதம். ஓடப் பிடிக்கும் என்பதில் ஐயமில்லை. கூட்டத்தோடு சேர்ந்து ஓடுவது அதன் இயல்பு. அந்த இயல்பை ஒப்புதலாகக் கொள்ள முடியாது. 2012இல் அந்த ஆண்டின் செல்டனம் தங்கக் கோப்பையை வென்றிருந்த சிங்க்ரனைஸ்டு, பீச்சர்ஸ் புரூக்கில் விழுந்து எழுந்தது. ஜாக்கியில்லாமல் மற்றவற்றோடு ஓடி, இன்னொரு தடையைத் தாண்டும்போது காலை முறித்துக்கொண்டு இறந்தது. நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை. ஆபத்தை எடைபோட்டு வேண்டாம் என்று சொல்ல ஜாக்கியால் முடியும், குதிரையால் முடியாது. அதனால்தான் அதன் சார்பில் எடைபோட விதிகள் தேவைப்படுகின்றன. பந்தயம் இல்லாவிட்டால் இந்த இனமே இருக்காது, ஆயிரக்கணக்கான வேலைகள் போய்விடும் என்பதும் சொல்லப்படுகிறது. லாயத்தில் விடிகாலையிலிருந்து குதிரையோடு வாழும் தொழிலாளிகளின் அக்கறை உண்மையானது, அவர்கள் பிழைப்பும் முக்கியம். பாதுகாப்பைக் கூட்டச் சொன்னால் அந்தப் பிழைப்பு அழிந்துவிடாது. 34 ஆகக் குறைத்த பிறகும் கிராண்ட் நேஷனல் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

பரிகாரங்களில் முதலாவது கண்காணிப்பு. பந்தய விதிகளை வகுத்து நடத்தும் பிரிட்டிஷ் ஹார்ஸ்ரேசிங் அத்தாரிட்டியே குதிரை நலத்துக்கும் பொறுப்பு. தொழிலை வளர்ப்பதும் தொழிலைத் தண்டிப்பதும் ஒரே கையில் இருக்கக்கூடாது என்று, தனி அமைப்பு கேட்டு எழுந்த மனுவில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். 2018 அக்டோபரில் நாடாளுமன்றத்தில் விவாதமும் நடந்தது. தனி அமைப்பு வரவில்லை. அடுத்த ஆண்டு தொழிலுக்குள்ளேயே ஒரு குதிரை நல வாரியம் வந்தது. அதன் வழியாகச் சில நல்ல மாற்றங்கள் வந்திருப்பதை மறுக்க முடியாது. 2023 முதல் தடைதாண்டும் பந்தயத்தில் சாட்டை 7 தடவைக்கு மேல் கூடாது. வரம்பை 4 தடவையோ அதற்கு மேலோ மீறினால் குதிரையே தகுதி இழக்கும். 2022 முதல் பிரிட்டனில் ஓடும் எல்லாக் குதிரைகளுக்கும், மனிதர் உண்ணும் இறைச்சியாக வெட்டப்படாது என்று அவற்றின் அடையாள ஆவணத்தில் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். ஓய்வுபெற்ற குதிரை கைமாறிக் கைமாறி எங்கே போகிறது என்பதை இறுதிவரை தொடரும் பதிவேடு இன்னும் உறுதியாக வேண்டும். ஒவ்வொரு குதிரைச் சாவும் பெயர், வயது, திடல், தரையின் நிலை, காரணம் ஆகியவற்றோடு பொதுவில் வெளிவர வேண்டும். 2007 முதல் அனிமல் எய்ட் என்ற தன்னார்வ அமைப்பு இப்படி ஒரு பட்டியலைத் தொகுத்துவருகிறது. அது அதிகாரம் உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை.

இந்தப் பந்தயத்துக்கே தடை விதித்துவிட்ட இடங்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1997இலும், சவுத் ஆஸ்திரேலியா 2022இலும் தடைதாண்டும் பந்தயத்தைச் சட்டத்தால் நிறுத்தின. குதிரைப் பந்தயம் அங்கே அழிந்துவிடவில்லை, சமதளத்தில் நடக்கிறது. பிரிட்டன் உடனே அந்த வழியில் போக வேண்டும் என்று நான் கோரவில்லை. ஆனால் தனி அமைப்பும் வேண்டாம், முழுக் கணக்கும் வெளியிட மாட்டோம், ஓடும் குதிரைகளின் எண்ணிக்கையையும் இதற்கு மேல் குறைக்க மாட்டோம் என்று தொழில் நின்றுகொண்டால், நிறுத்துவது ஒன்றே மிச்சமிருக்கும் வழி.

பிரிட்டனில் வாழும் தமிழர்கள் பலருக்கு ஏப்ரலில் அலுவலகத்தில் சீட்டு எழுதிப்போட்டு ஆளுக்கொரு குதிரை எடுக்கும் வழக்கம் பழகியிருக்கும். புக்கிகளுக்குக் கிடைக்கும் லாபத்தில் ஒரு பங்கு சட்டப்படி பந்தயத் தொழிலுக்குப் போகிறது. அந்த வகையில் பந்தயம் கட்டுகிறவரும் இதில் பங்காளி. கட்டுவதற்கு முன் அந்தக் குதிரையின் வயதையும் திடலின் தரை நிலையையும் பாருங்கள். லாயத்திலோ திடலிலோ கொடுமையைக் கண்டால் விலங்கு நல அமைப்பான ஆர்.எஸ்.பி.சி.ஏ.விடம் புகார் செய்யுங்கள். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு, குதிரை நலத்துக்குத் தனி அமைப்பு வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதுங்கள். 2018இல் விவாதம் நடந்தது அப்படிக் கேட்டவர்களால்தான்.