நிலாவுக்குப் போறது சரி, திரும்பி வர்றது?

கோயம்புத்தூர்ல இருந்து பேசறேன். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிக்கும் நிலாவுக்கும் ஒரு சொந்தம் உண்டுங்க. அங்கே கிடைக்கிற அனார்த்தசைட் பாறை, நிலாவோட மேட்டுநிலப் பாறையோட ஒத்துப்போகும். அதை அரைச்சுத்தான் இஸ்ரோ செயற்கை நிலா மண் தயாரிச்சு, சந்திரயான் சோதனைகளுக்குப் பயன்படுத்தினாங்க. ஆக, நிலாவில் இறங்கறதுக்கு நம்ம பக்கத்து மண்ணிலேயே பழகிக்கலாம். திரும்பி வர்றதுக்கு அப்படிப் பழக ஒரு இடம் பூமியில் இல்லை.

முதல்ல வேகம். ககன்யான் போகப்போறது சுமார் 400 கி.மீ. உயரம். அங்கிருந்து திரும்பற கலம் விநாடிக்கு 7.8 கி.மீ. வேகத்தில் வரும். நிலாவிலிருந்து வர்றது 11 கி.மீ. கோவை–சென்னை 500 கி.மீ.ன்னு வச்சுக்கிட்டா, 45 விநாடிதான்! கொஞ்சம்தானே அதிகம்னு தோணும். ஆனா ஆற்றல், வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும். கணக்குப் போட்டா ரெண்டு மடங்கு.

இன்ஜினை வச்சே பிரேக் போடலாமேன்னு கேப்பீங்க. அவ்வளவு எரிபொருளையும் நிலா வரைக்கும் சுமந்துட்டுப் போய்த் திரும்பக் கொண்டுவரணும், கட்டுப்படியாகாது. அதனால காற்றுதான் பிரேக். கோணமும் முக்கியம். அப்பல்லோ கலங்கள் சுமார் 6.5 டிகிரி சாய்வில் நுழைஞ்சது. ரொம்பச் செங்குத்தா வந்தா ஆளும் தாங்காது, கலமும் தாங்காது. ரொம்பப் படுக்கையா வந்தா வேகம் குறையாம மறுபடி வெளியே போயிடும்.

அடுத்தது வெப்பக் கவசம். இங்கேதான் எனக்கு ஆச்சரியமான விஷயம் இருக்கு. 2022 டிசம்பர்ல நாசாவின் ஆர்ட்டெமிஸ் 1, ஆளில்லாம நிலாவைச் சுத்திட்டு வந்தது. பத்திரமா கடல்ல இறங்கிச்சு. ஆனா கவசத்தைப் பார்த்தா, கருகின மேல்பகுதி பல இடத்தில் துண்டு துண்டா பேந்திருந்தது. கருகித் தேயறதுதான் அந்தக் கவசத்தோட வேலை, பேந்து விழறது இல்லை.

காரணத்தை 2024 டிசம்பர்லதான் அறிவிச்சாங்க. அந்தக் கலம் காற்றுமண்டலத்தில் ஒரு தடவை முங்கி, கொஞ்சம் மேலே எழும்பி, மறுபடி முங்கிச்சு. நடுவுல சூடு குறைஞ்சது. மேல்பகுதி கருகற வேகமும் குறைஞ்சுது, ஆனா உள்ளே வாயு உண்டாகறது நிக்கலை. அது வெளியேற வழியில்லாம அழுத்தம் ஏறி, கவசம் விரிசல் விட்டுச்சு. பூரி உள்ளே காத்து அடைபட்டு உப்பற மாதிரிதான். பூரி வளைஞ்சு கொடுக்கும், கருகின கவசம் கொடுக்காது. தரையில் பண்ணின சோதனைகள்ல இதைவிட அதிகச் சூடு கொடுத்திருந்தாங்க, அதனால இந்தக் குறை தெரியவே இல்லை. சூடு குறைஞ்சதுதான் ஆபத்தா முடிஞ்சுது!

உள்ளே ஆள் இருந்திருந்தாலும் பிழைச்சிருப்பாங்கன்னு நாசா சொல்லுச்சு. சரிதான். ஆனா 2003 பிப்ரவரி 1-ஐ மறக்க முடியுமா? கொலம்பியா புறப்படும்போது இறக்கையில் பட்ட அடி, திரும்பற வழியிலதான் கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் உயிரையும் எடுத்துச்சு. அதுவும் பூமிச் சுற்றுப்பாதையிலிருந்து, குறைஞ்ச வேகத்தில் வந்த கலம்.

நமக்கு இந்த 11 கி.மீ. பரீட்சை சந்திரயான்-4-ல வருது. 2024 செப்டம்பர்ல ஒப்புதல் கிடைச்ச திட்டம், நிலா மண்ணைப் பூமிக்குக் கொண்டுவரும். அதுல கவசம் சொதப்பினா போறது மண்தான். 2040-க்குள்ள இந்தியர் ஒருத்தரை நிலாவில் இறக்கணும்ங்கிறது இலக்கு. அதுக்கு முன்னாடி, என்னைக் கேட்டா, இந்த மாதிரி ஒரு தடவை பத்தாது, ரெண்டு மூணு தடவையாவது வெறும் கலம் வந்து சேரணும்.

பாராசூட் கதை தனி. அது அடுத்த எபிசோட்ல.