மூன்று ஆண்டில் முதுமை அடையும் கணினிகள்

அச்சிடும் முன் மரங்களை நினைத்துப் பாருங்கள் என்று அலுவலக மின்னஞ்சல்களின் அடியில் பச்சை எழுத்தில் ஒரு வரி. விளக்கை அணைக்கச் சொல்லி சுவிட்ச் அருகே ஒரு ஸ்டிக்கர். பல நிறுவனங்களின் 'பசுமைத் தகவல் தொழில்நுட்பம்' இத்தோடு முடிந்துவிடுகிறது. இவற்றில் தவறில்லை. ஆனால் பெரிய கணக்கு கொள்முதல் பிரிவில் இருக்கிறது.

ஒரு லேப்டாப் தன் ஆயுள் முழுவதும் உண்டாக்கும் கார்பன் உமிழ்வில் பெரும்பங்கு, நாம் அதை முதன்முதலாக ஆன் செய்வதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. தாது தோண்டுவது, சில்லுகளையும் திரையையும் தயாரிப்பது எல்லாம் இதில் அடக்கம். தயாரிப்பாளர்களே வெளியிடும் அறிக்கைகளில் பல மாடல்களுக்கு இது 70 சதவீதத்தைத் தாண்டுகிறது. நமது மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு அதிகம் என்பதால், இந்தியாவில் பயன்பாட்டுக் கால உமிழ்வு சற்றுக் கூடும். இரவு பகலாக ஓடும் சர்வர்கள், அவற்றைக் குளிர்விக்கும் ஏ.சி. விஷயத்தில் கணக்கே வேறு. அங்கே மின்சாரம்தான் முக்கியம். மேசைமேல் உள்ள லேப்டாப்பைப் பொறுத்தவரை, இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் கூடுதலாக ஓட்டுவதே பெரிய சேமிப்பு.

அதற்குக் குறுக்கே நிற்பது கணக்குப் புத்தகம். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, டெஸ்க்டாப், லேப்டாப் போன்றவற்றின் பயன்பாட்டு ஆயுளை 3 ஆண்டுகள் என்று வைத்திருக்கிறது, சர்வர்களுக்கு 6. இது தேய்மானம் கணக்கிடுவதற்கான எண். மூன்றாம் ஆண்டில் தூக்கிப் போடு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனாலும் புத்தக மதிப்பு சொற்பமானதும் 'பழசாகிவிட்டது' என்ற குறிப்போடு கோப்பு நகரத் தொடங்கிவிடுகிறது.

மென்பொருளும் தன் பங்குக்கு அவசரப்படுத்துகிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14இல் நிறுத்தியது. விண்டோஸ் 11க்கோ டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை புராசஸராவது இருக்க வேண்டும். அந்தத் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017இல்தான். அதற்கு முன் வாங்கிய, இன்றும் நன்றாக ஓடுகிற கணினிகள் ஒரே நாளில் 'தகுதியற்றவை' ஆகிவிட்டன. இப்படிச் சுமார் 24 கோடி கணினிகள் மின்கழிவாகலாம் என்று கனாலிஸ் ஆய்வு நிறுவனம் 2023இலேயே மதிப்பிட்டது. நிறுவனங்கள் பணம் கட்டி மூன்று ஆண்டுகள் வரை பாதுகாப்பு அப்டேட் பெறலாம். இல்லாவிட்டால் லினக்ஸுக்கு மாறலாம். கேரளத்தின் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக அதில்தான் பாடம் நடத்துகின்றன.

கழித்துவிட்ட கணினி எங்கே போகிறது? உலகில் 2022இல் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது கால் பங்குக்கும் குறைவு. காயலான் கடைக்குப் போனது டெல்லி சீலாம்பூரிலோ, உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்திலோ போய்ச் சேரலாம். செம்புக்காக ஒயர்களை எரிப்பதும், தங்கத்துக்காக சர்க்யூட் போர்டுகளை அமிலத்தில் முக்குவதும் அங்கே பிழைப்பு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, ஆயிரம் சாதனங்களுக்குக் குறையாமல் பயன்படுத்தும் நிறுவனங்கள் பதிவுபெற்ற தயாரிப்பாளர், புதுப்பிப்பாளர், மறுசுழற்சியாளர் ஆகியோரிடம் மட்டுமே கழிவை ஒப்படைக்க வேண்டும். சிறிய அலுவலகங்கள் இந்த வரம்புக்குள் வருவதில்லை. எடைக்குப் போடும் பழக்கம் அங்கேதான் அதிகம் நிலைக்கும் என்பது என் கணிப்பு.

தகவல் கசிந்துவிடும் என்று பயந்து நல்ல ஹார்டு டிஸ்க்கைச் சுத்தியலால் உடைக்கும் அலுவலகங்களும் உண்டு. தகவலை மீட்கமுடியாதபடி அழிக்கத் தரமான மென்பொருள்கள் இருக்கின்றன; பெரும்பாலான அலுவலகங்களுக்கு அதுவே போதும்.

நீங்கள் கொள்முதல் கோப்பில் கையெழுத்திடுபவர் என்றால், அடுத்த முறை புதிய கணினிகளுக்கான கொட்டேஷன் வரும்போது இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள்: இருக்கிற கணினிகளுக்கு ரேமைக் கூட்டி, எஸ்எஸ்டி போட்டு, பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும் என்று.