நடுக்கடலில் இல்லறம்: எழுப்புவதும் அன்புதான்

லங்காவியின் படகுத் துறைகளுக்குச் சென்றவர்கள் அந்தக் காட்சியைப் பார்த்திருக்கலாம். முப்பது, நாற்பது அடி நீளமுள்ள பாய்மரப் படகுகள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். ஒன்றில் துணி காய்ந்து கொண்டிருக்கும். இன்னொன்றில் நரைத்த தலையுடன் கணவனும் மனைவியும் காப்பி அருந்திக் கொண்டிருப்பார்கள். படகையே வீடாக்கிக் கொண்டு நாடு நாடாகச் செல்லும் தம்பதிகள் இவர்களில் உண்டு.

கொடுத்து வைத்தவர்கள் என்று சொல்லத் தோன்றும். ஆனால், கரை மறைந்த முதல் இரவிலேயே அவர்களின் இல்லறம் வேறு விதமாக மாறிவிடுகிறது.

தூக்கத்திலும் பங்கு

நடுக்கடலில் படகை நிறுத்தி வைத்துவிட்டு இருவரும் உறங்க முடியாது. ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்திற்கு நங்கூரம் எட்டாது. இரவும் பகலும் படகு நகர்ந்து கொண்டேதான் இருக்கும். காற்றின் திசையைக் கொண்டு சுக்கானைத் தானாகத் திருப்பும் கருவி உண்டு. ஆனாலும் ஒருவர் விழித்திருந்தே ஆக வேண்டும்.

ஏன்? சிறிய படகில் உட்கார்ந்திருப்பவருக்குத் தொடுவானம் ஏறக்குறைய 3 கடல் மைல் தூரம்தான். 20 நாட் வேகத்தில் வரும் சரக்குக் கப்பல் அந்தத் தூரத்தை 9 நிமிடத்தில் கடந்துவிடும். இப்போது கப்பல்களைத் திரையில் காட்டும் கருவிகள் வந்துவிட்டன. ஆனால் மிதந்து வரும் மரக்கட்டையை அவை காட்டுவதில்லை.

எனவே ஒருவர் மூன்று அல்லது நான்கு மணி நேரம் காவல் இருப்பார், மற்றவர் உறங்குவார். பிறகு முறை மாறும். பசிபிக் கடலில் கலாபகோஸ் தீவுகளிலிருந்து மார்கெசஸ் தீவுகளுக்கு ஏறக்குறைய 3,000 கடல் மைல். 5 நாட் வேகத்தில் போனால் 25 நாள். அத்தனை நாளும் ஒரே கூரையின் கீழ் இருந்தும், இருவரும் சேர்ந்து ஓர் இரவு உறங்குவதில்லை.

தண்ணீரிலும் இதே கணக்குதான். தொட்டியில் 200 லிட்டர் இருந்தால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வீதம் 25 நாளில் தீர்ந்துவிடும். பாத்திரம் கழுவுவது கடல் நீரில்தான்.

தவறி விழுந்தால்?

இவை எல்லாம் பழகிவிடும். பழக முடியாத அச்சம் ஒன்று உண்டு. காவலில் இருப்பவர் கடலில் விழுந்துவிட்டால்?

5 நாட் வேகத்தில் செல்லும் படகு ஒரே நிமிடத்தில் 150 மீட்டர் தள்ளிப் போய்விடும். அலைகளுக்கு நடுவே மனிதத் தலை அந்தத் தூரத்தில் கண்ணுக்குப் படுவதே கடினம். உள்ளே உறங்குபவருக்கு நடந்தது தெரியவே தெரியாது. அவர் விழித்திருந்தாலும், மிதவையை வீசி, பாயை இறக்கி, படகைத் திருப்பி, நனைந்த உடலைக் கப்பியால் தூக்கி ஏற்ற வேண்டும். இத்தனையையும் தனி ஆளாகச் செய்ய வேண்டும்.

ஆகவேதான் அனுபவசாலிகள் இரண்டு விதிகளை வைத்திருக்கிறார்கள். இரவில் மேல்தளத்திற்கு வருபவர் தம்மைப் படகோடு வாரால் பிணைத்துக் கொள்ள வேண்டும். துணையை எழுப்பாமல் பாய்மரத்தின் பக்கம் போகவே கூடாது.

இரண்டாவது விதியை மீற வைப்பது பெரும்பாலும் அலட்சியம் அல்ல, அன்பு. 'பாவம், இப்போதுதான் கண்ணயர்ந்தார், நாமே பார்த்துக் கொள்வோம்' என்ற எண்ணம். வீட்டில் அது பரிவு. கடலில் அது ஆபத்து. அங்கே துணையைத் தட்டி எழுப்புவதே உண்மையான பரிவு.

117 நாள்

இங்கிலாந்தைச் சேர்ந்த மோரிஸ் பெய்லி, மேரலின் பெய்லி தம்பதியர் வீட்டை விற்று 31 அடிப் படகு ஒன்றை வாங்கினார்கள். இருவர் பெயரையும் இணைத்து அதற்கு 'ஆரலின்' என்று பெயரிட்டார்கள். 1973 மார்ச் 4ஆம் தேதி பசிபிக் கடலில் ஒரு திமிங்கிலம் மோதி அது மூழ்கியது. காற்றடைத்த தெப்பமும் சிறு ரப்பர் படகும்தான் மிஞ்சின. 117 நாள் மழைநீரைக் குடித்து, ஆமையையும் மீனையும் பச்சையாக உண்டு மிதந்தார்கள். பல கப்பல்கள் அவர்களைக் காணாமலேயே கடந்து போயின. ஜூன் 30ஆம் தேதி தென்கொரிய மீன்பிடிக் கப்பல் ஒன்று அவர்களைக் காப்பாற்றியது.

படகைச் செலுத்துவதில் தலைவர் மோரிஸ்தான். மேரலினுக்கு நீச்சல்கூடத் தெரியாது. ஆனால் கணவர் நோயுற்று நம்பிக்கை இழந்தபோது தெப்பத்தின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. ஊக்குகளை வளைத்துத் தூண்டில் முள் செய்தார். அடுத்து வாங்கப் போகும் படகைப் பற்றிப் பேசிப் பேசிக் கணவரைத் தேற்றினார். அந்தப் படகிலும் இருவரும் பிற்காலத்தில் பயணம் போனார்கள்.

கரையில் வாழும் குடும்பங்களுக்கும் இதில் பாடம் உண்டு. வங்கிக் கணக்கு, காப்புறுதிப் பத்திரம் எல்லாம் கணவருக்கு மட்டுமே தெரிந்த வீடுகள் எத்தனை! குழந்தைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது மனைவிக்கு மட்டுமே தெரிந்த வீடுகள் எத்தனை! 'அவருக்கு எதற்குச் சிரமம்' என்றுதான் எல்லாரும் சொல்கிறோம்.

படகில் புறப்படும் தம்பதியர் முதலில் கற்றுக் கொள்வது ஒருவர் வேலையை மற்றவர் செய்யத்தான். கரையில் இருப்பவர்களுக்கு அதற்கு ஒரு மாலைப் பொழுது போதும்.